தங்க நூற்புழுவும் இரண்டு வருஷப் படிப்பும்

போன கார்ப்போகத்தில் ஒரு நாள் காலை. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி உருளைச் செடி ஒன்றை வேரோடு கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். நட்டு ஐம்பது நாள் ஆன செடி. முழங்கால் உயரம் நிற்க வேண்டியது, சாண் உயரத்தில் மஞ்சளடித்துத் துவண்டு கிடந்தது.

"பாருங்கண்ணா, உங்க பேச்சைக் கேட்டு எருவும் ஜீவாமிர்தமும் விட்டதுதான் மிச்சம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்பு போட்டவன் தோட்டம் ஜம்முனு நிக்குது. எனக்கு மட்டும் நடுவுல வட்டம் வட்டமா உக்காந்துபோச்சு" என்றார்.

நான் பதில் பேசவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் அந்த வேரை மெதுவாக முக்கி, அலசாமல், மண் தானாகக் கரைய விட்டேன். பிறகு வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். சல்லிவேர் முழுக்க ஊசிமுனை அளவில் சின்னச் சின்ன மணிகள். சில வெள்ளை, சில பொன்மஞ்சள். தம்பி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இது என்னண்ணா, கசகசா மாதிரி?"

அவர் இயற்கைக்கு மாறி அது மூன்றாவது வருஷம். இந்த மூன்றாவது வருஷத்தில்தான் நம்மில் பலர் "இதெல்லாம் மலைக்குச் சரிப்படாது" என்று சொல்லிப் பழைய கடைக்கே திரும்பிப் போகிறார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எருவையும் கரைசலையும் குற்றம் சொல்கிறார்கள். குற்றவாளி மண்ணுக்குள் வேறு யாராகவோ இருக்கிறான். அவனைக் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த முன்னோடி உழவரும் இல்லை, நூற்புழுவியல் முதுகலை படிக்க வந்த ஒரு மாணவி. அந்தப் பயிற்சியைப் பற்றியும், அதில் நமக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

ஆண்டிஸ் மலையிலிருந்து ஊட்டி மலைக்கு

உருளைக்கிழங்கு நம் மலைக்கு வெள்ளைக்காரர்களோடு வந்தது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் ஊட்டியில் காலூன்றிய பயிர்களில் அதுவும் ஒன்று. உருளையின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். அங்கே அதைத் தின்று வாழ்ந்த ஒரு நூற்புழுவும் உண்டு. 1840களில் கருகல் நோய் ஐரோப்பாவின் உருளையை அழித்த பிறகு, நோய் தாங்கும் ரகம் தேடித் தென் அமெரிக்காவிலிருந்து கிழங்கு கொண்டுவந்தார்கள். அந்தக் கிழங்கில் ஒட்டிய மண்ணோடு இந்தப் புழுவும் கப்பலேறியது. அங்கிருந்து விதைக்கிழங்கோடு உலகம் முழுக்கப் பரவியது.

இந்தியாவில் இதை முதன்முதலில் கண்டுபிடித்த இடம் நம் ஊட்டி. 1961-ல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ், உதகை விஜயநகரம் பண்ணையில் இதைப் பார்த்துச் சொன்னார். ஆனால், பார்த்த அன்றைக்கு அது வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்க வேண்டும். ஏனென்றால், ஒரு தோட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இந்தப் புழு பெருகவே பல போகங்கள் ஆகும்.

பேர் தங்க நூற்புழு. முழுப் பேர் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு. இதில் இரண்டு இனம் உண்டு. பெண் புழு பொன்னிறமாகிப் பிறகு பழுப்பாவது குளோபோடெரா ரோஸ்டோசியென்சிஸ். வெள்ளையாகவே இருந்து நேராகப் பழுப்பாவது குளோபோடெரா பல்லிடா. 1973-ல்தான் பல்லிடாவைத் தனி இனம் என்று பிரித்துப் பேர் வைத்தார்கள். நீலகிரி மண்ணில் இரண்டுமே இருக்கின்றன. தம்பி கொண்டுவந்த வேரில் வெள்ளையும் மஞ்சளும் கலந்து கிடந்தது அதனால் இருக்கலாம், அல்லது ஒரே இனத்தின் இளசும் முற்றலுமாகவும் இருக்கலாம். வெறுங்கண்ணால் அடித்துச் சொல்ல முடியாது.

இது எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் பின்னால் சொல்லப்போவது புரியும். பெண் புழு வேரைத் துளைத்து, தலையை உள்ளே வைத்து, உடம்பை வெளியே பலூன் மாதிரி ஊதவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. வயிறு நிறைய முட்டை வைத்துக்கொண்டே செத்துப்போகிறது. செத்த உடம்பின் தோல் இறுகிப் பழுப்பு நிறக் கூடாகிறது. அரை மில்லிமீட்டர் அளவுதான், கடுகைவிடச் சிறிசு. ஒரு கூட்டுக்குள் 200 முதல் 500 முட்டை வரை இருக்கும். கூடு மண்ணில் உதிர்ந்து கிடக்கும். வெயில், மழை, உறைபனி எதுவும் அதை ஒன்றும் செய்யாது. இருபது வருஷம் கழித்தும் உள்ளே உயிருள்ள முட்டை இருக்கும்.

இருபது வருஷம் அது எதற்குக் காத்திருக்கிறது? உருளை வேரின் வாசனைக்கு. உருளை, தக்காளி, கத்தரி குடும்பத்தின் வேர் மண்ணில் கசியவிடுகிற நீர் பட்டால்தான் பெரும்பாலான முட்டை பொரியும். வாசலில் கேட்கிற பழகிய காலடிச் சத்தத்துக்கு எழுந்துவருகிற மாதிரி எழுந்து வருகிறது. நமது மலையின் 15 முதல் 20 டிகிரிக் குளிர் அதற்கு ரொம்பப் பிடித்த சூழல். சமவெளிச் சூட்டில் அது தழைக்காது. இங்கே நீர்ப்போகம், கார்ப்போகம், கடைப்போகம் என்று வருஷத்துக்கு மூன்று போகமும் உருளையே போட்ட காலம் ஒன்று இருந்தது. புழுவுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

தஞ்சாவூரிலிருந்து வந்த மாணவி

என் தோட்டத்துக்கு முதலில் ஒரு மாணவர் வந்தார். ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. பை பையாக மண் எடுத்தார், என் பேரையும் பயிரையும் எழுதிக்கொண்டார், "முடிவு வந்ததும் சொல்றேங்க ஐயா" என்றார். இன்றுவரை சொல்லவில்லை. எந்தக் கல்லூரி என்பது இப்போது வேண்டாம். அவர் எழுதிய ஆய்வேடு எங்கோ ஒரு நூலக அலமாரியில் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் என் மண்ணும் ஒரு வரியாக இருக்கும். எனக்குத்தான் தெரியாது.

அடுத்து வந்தவர் ஒரு மாணவி. தஞ்சாவூர்ப் பக்கம் நெல் விளைகிற ஊர்ப் பெண். ஊட்டிக் குளிரில் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டும் நடுங்கினாள். நான் பழைய கோபத்தில், "மண்ணு தர்றேன் கண்ணு, ஆனா நீ எண்ணும்போது நானும் பக்கத்துல இருப்பேன்" என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றாள். முதுகலை மாணவர்களுக்கு என்ன பயிற்சி தருகிறார்கள் என்று நான் பார்த்தது அப்படித்தான்.

முதல் பாடம் நடப்பது. தோட்டத்துக்குள் கோணல்மாணலாக, குறுக்கும் நெடுக்குமாக நடந்து, சாண் ஆழத்துக்குள் கிடக்கும் மேல்மண்ணைப் பல இடத்தில் துளித் துளியாக எடுக்க வேண்டும். செடி நன்றாக இருக்கிற இடம், உட்கார்ந்த இடம், வண்டி நுழைகிற வாசல், மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளம் எல்லாம் அதில் வர வேண்டும். நாம் என்ன செய்வோம்? ஓரத்தில் நின்று கைக்கு எட்டிய இடத்தில் ஒரு பிடி அள்ளிக் கொடுப்போம். அந்தப் பரிசோதனைக்கு அர்த்தமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்தது உலர்த்துவது. மண்ணை நிழலில் நன்றாகக் காயவிட்டாள். ஏன் என்று கேட்டேன். காய்ந்த கூட்டுக்குள் காற்று புகுந்துகொள்ளும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். மணலும் களியும் அடியில் போய்விடும். இந்த ஒரு சங்கதியை வைத்துத்தான் முழு வித்தையும் நடக்கிறது. ஆய்வகத்தில் இதற்கென்று ஃபென்விக் கலம் என்று சாய்ந்த அடிப்பாகம் வைத்த ஒரு உலோகப் பாத்திரம் இருக்கிறது. தண்ணீர் விட்டால் மிதப்பதெல்லாம் விளிம்பில் வழிந்து சல்லடையில் விழும். சல்லடையில் நிற்பதை வடிதாளில் இறக்கி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷைவிட நூறு மடங்கு மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு கூடாகப் பொறுக்குவார்கள். வெங்காயச் சருகு, களைவிதை, பூச்சிச் சிறகு எல்லாவற்றுக்கும் நடுவே அந்தப் பழுப்பு உருண்டையை மட்டும் பிரித்தெடுக்கக் கண் பழக வேண்டும். மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள்.

கூட்டை எண்ணினால் போதாது. கூட்டை நசுக்கி முட்டையையும் எண்ண வேண்டும். பழைய கூட்டில் பாதி காலியாக இருக்கும், புதுக் கூட்டில் நிறைய இருக்கும். பத்துக் காலிக் கூட்டைவிட ஒரு நிறைந்த கூடு ஆபத்து. பயிர் வைப்பதற்கு முன் ஒரு எண்ணிக்கை, அறுவடைக்குப் பின் ஒரு எண்ணிக்கை. பின்னதை முன்னதால் வகுத்தால் வருவது பெருக்க விகிதம். ஒன்றுக்கு மேலே போனால் நீங்கள் புழு வளர்த்திருக்கிறீர்கள், ஒன்றுக்குக் கீழே வந்தால் குறைத்திருக்கிறீர்கள். ஆய்வேட்டில் எத்தனை அட்டவணை போட்டாலும் கடைசியில் இந்த ஒரு எண்தான் பேசுகிறது.

இரண்டு இனத்தையும் பிரிக்கிற வித்தைதான் என்னை வியக்க வைத்தது. கூட்டின் பின்பகுதியை பிளேடால் நறுக்கிக் கண்ணாடியில் ஏற்றுகிறார்கள். அந்த அரை மில்லிமீட்டர் உருண்டையைத்தான் சொல்கிறேன். அதில் முட்டை வழி இருந்த சாளரம் ஒன்று வட்டமாகத் தெரியும். அதன் விட்டத்தையும், அதற்கும் மலவாய்க்கும் உள்ள தூரத்தையும் அளந்து வகுக்கிறார்கள். பொதுவாக மூன்றுக்கு மேல் போனால் ரோஸ்டோசியென்சிஸ், கீழே வந்தால் பல்லிடா. ஒரே கூட்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது, பலவற்றை அளக்க வேண்டும். "இது தெரிஞ்சு எங்களுக்கு என்ன கண்ணு பிரயோஜனம்?" என்று கேட்டேன். "எந்த ரகம் நடணும்கறது இதுலதான் இருக்குங்க ஐயா" என்றாள். அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்றையும் அவளிடம் கற்றேன், இது நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கசக்கும். அவள் தொட்டிகளில் ஒவ்வொரு மருந்தாகப் போட்டுச் சோதிக்கும்போது, சில தொட்டிகளில் ஒன்றுமே போடாமல் விட்டாள். எது வேலை செய்தது என்று அந்தச் சும்மா விட்ட தொட்டியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். நாம் அப்படி ஒரு வரிசையை விடுகிறோமா? தோட்டம் முழுக்க ஒரே கரைசலை ஊற்றிவிட்டு, விளைந்தால் கரைசலுக்குப் பேர், விளையாவிட்டால் மழைக்குப் பேர். முப்பது வருஷம் நானும் இதைத்தான் செய்தேன்.

அடுப்படியில் ஓர் ஆய்வகம்

பட்டம் வாங்காமலே இதில் பாதியை நம் வீட்டில் செய்துவிடலாம். அறுவடைக்குப் பிறகு, அடுத்த பயிர் வைக்கும் முன், மேலே சொன்ன மாதிரி நடந்து மண் சேர்த்துக் கலந்து, நிழலில் மொறுமொறுவென்று காயவையுங்கள். ஒரு டீ டம்ளர் மண்ணை வாய் அகன்ற பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்கி, கொஞ்சம் தெளிய விடுங்கள். பாத்திரத்தின் உட்சுவரைச் சுற்றி வெள்ளைத்தாள் பட்டை ஒன்றை, பாதி நீரிலும் பாதி வெளியிலும் இருக்கும்படி ஒட்டவையுங்கள். மிதப்பவை மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து தாளில் ஒட்டிக்கொள்ளும். தாளை எடுத்துக் காயவைத்து, கைக்கடிகாரக்காரர்கள் வைத்திருக்கிற பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பழுப்பாக, பளபளப்பாக, உருண்டையாக இருப்பவையே கூடு. களைவிதை இதைவிடப் பெரிசாக, தட்டையாக அல்லது கோணலாக இருக்கும்.

எனக்கு முதல் முறை கை விரல், கால் விரல் எல்லாம் சேர்த்தும் எண்ணப் போதவில்லை.

இதைவிட எளிது, தம்பியின் செடியில் நான் செய்தது. நட்டு ஏழெட்டு வாரத்தில், பூக்கிற சமயத்தில், நாலு மூலையிலும் நடுவிலும் சில செடிகளை இழுக்காமல் மண்வெட்டியால் தோண்டி எடுத்து, வேரை வாளியில் முக்கிப் பார்ப்பது. பிடுங்கினால் மணி எல்லாம் மண்ணிலேயே உதிர்ந்துவிடும், வேர் சுத்தமாகத் தெரியும், நீங்கள் ஏமாந்துபோவீர்கள். எந்த இனம், முட்டை எத்தனை என்ற கேள்விக்கு மட்டும் ஆய்வகம் வேண்டும். முத்தோரையில் இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆய்வு நிலையம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறை, குன்னூரில் உபாசி நடத்துகிற வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவை நம் கைக்கு எட்டிய கதவுகள். தயங்காமல் தட்டுங்கள்.

இரண்டு வருஷத்தில் அடங்காத பயிர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். முதுகலைப் படிப்பு இரண்டு வருஷம். அதில் முதல் வருஷம் பெரும்பாலும் பாடம். மிச்சமிருப்பதில் ஆய்வு செய்து, எண்ணி, எழுதி, கட்டி, கொடுக்க வேண்டும். நம் மலைக் கணக்கில் அது இரண்டு போகம். முனைவர் பட்டம் என்றாலும் மூன்று, நான்கு வருஷம்தான்.

இரண்டு போகத்தில் எதைச் சோதிக்க முடியும்? ஒரு குருணையை, ஒரு பொடியை, ஒரு ரகத்தைச் சோதிக்கலாம். போட்டோம், குறைந்தது அல்லது குறையவில்லை என்று எழுதலாம். ஆனால் இந்தப் புழுவுக்கு நிஜமான மருந்து பயிர்ச் சுழற்சி. அது நாலைந்து வருஷ வேலை. உருளை வேர் வாசனையே இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் ஒரு பங்கு முட்டை தானாகப் பொரிந்து, தின்ன வேர் இல்லாமல் பட்டினியில் சாகும். சுமாராக 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இன்று 100 முட்டை என்றால் அடுத்த வருஷம் 70, அதற்கடுத்து 49, பிறகு 34, நாலாம் வருஷம் 24. பொறுமையாக இருந்தால் நாலில் ஒரு பங்காகிவிடும். நடுவில் ஆசைப்பட்டு ஒரே ஒரு போகம் தாங்காத ரக உருளை வைத்தால், பத்து மடங்கு, இருபது மடங்கு ஏறிவிடும். நாலு வருஷச் சேமிப்பு நாலு மாதத்தில் போச்சு.

எந்த மாணவரால் இதை ஆய்வேட்டுக்குள் கொண்டுவர முடியும்? அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் இதன் விளைவு என்ன? ஒரே போகத்தில் பலன் காட்டுகிற பொருள்களைப் பற்றி ஏராளமான ஆய்வேடு இருக்கும். பல வருஷம் பிடிக்கிற வழிகளைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும். பரிந்துரைப் புத்தகத்தில் ரொம்ப காலம் கார்போஃபியூரான் குருணை முன்னால் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்தக் குருணை பொரிந்து வெளியே வந்த குஞ்சுப் புழுவைத்தான் முடக்கும், கூட்டுக்குள் இருப்பதைத் தொடாது. பறவைக்குப் பொல்லாத நஞ்சு. நம் சரிவில் போடுவது மழையோடு இறங்கிப் பவானிக்கும் மாயாற்றுக்கும்தான் போகும்.

அந்த ஜோன்ஸ் வந்த ரோத்தம்ஸ்டெட்டில் பிராட்பாக் என்று ஒரு கோதுமை வயல் இருக்கிறது. 1843-ல் ஆரம்பித்த சோதனை, இன்றும் அதே வயலில் நடக்கிறது. தொடங்கியவர்கள் செத்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. ஆள் மாறுகிறார், வயல் மாறுவதில்லை, குறிப்பேடு மாறுவதில்லை.

நமக்கு அப்படி ஒரு வயல் வேண்டும் என்று கேட்டால் நிதி இல்லை என்பார்கள். சரி. ஆனால் நிலம் நம்மிடம் இருக்கிறது, நாமும் எங்கேயும் போகப்போவதில்லை. ஒரு உழவர் தன் தோட்டத்தில் நாலு பாத்தியை அளந்து கல் நட்டு, பத்து வருஷத்துக்கு என்ன போட்டார் என்று எழுதிக்கொண்டே வரட்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு மாணவர் வந்து அதே பாத்தியில் மண் எடுத்து எண்ணட்டும். அவருக்குத் தன் பங்குக்கு ஒரு ஆய்வேடு கிடைக்கும், அடுத்து வருகிறவர் விட்ட இடத்திலிருந்து பிடிப்பார். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் தமிழில், ஒரு பக்கத்தில், நிலத்துக்காரர் கையில் வர வேண்டும். இது ஒன்றும் பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை. மண் கேட்டு வருகிற அடுத்த மாணவரிடம் நாம் போட வேண்டிய நிபந்தனை இதுதான். நம் சங்கக் கூட்டங்களில் இதைப் பேச வேண்டும்.

ரகம் ஒன்றையே நம்பினால்

இனம் பிரிப்பது ஏன் என்று சொல்கிறேன் என்றேனே. இங்கிலாந்தில் 1966-ல் மாரிஸ் பைப்பர் என்று ஒரு உருளை ரகம் வந்தது. தென் அமெரிக்க உருளை ஒன்றிலிருந்து எடுத்த எதிர்ப்புக் குணம் அதில் இருந்தது. தங்க நிறப் புழு அதில் வளராது. ருசியும் நன்றாக இருந்ததால் நாடே அதை நட்டது. பொன்னிறப் புழு அடங்கியது. அந்தக் குணம் பல்லிடாவை ஒன்றும் செய்யவில்லை, காலியான இடத்தில் பல்லிடா வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று அங்கே பெரிய தலைவலி அதுதான்.

நம் மலைக்கென்று 1985-ல் குஃப்ரி ஸ்வர்ணா வந்தது. இரண்டு இனத்தையும் தாங்கும்படி, காட்டு உருளை ஒன்றின் குணத்தைக் குஃப்ரி ஜோதியோடு சேர்த்து உருவாக்கியது. பின்னால் குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி என்று வந்தன. நல்ல ஆயுதங்கள். தாங்கும் ரகத்தின் வேர் வாசனைக்கும் முட்டை பொரியும், குஞ்சு உள்ளே போகும், ஆனால் பெண் புழு வளர முடியாமல் போய்விடும். அதனால் சும்மா கிடப்பதைவிட வேகமாகக் கூடு குறையும். ஆனாலும் போகத்துக்குப் போகம் அதையே நட்டால் இங்கிலாந்துக் கதைதான். நாலு வருஷச் சுழற்சியில் ஒரு முறை அதற்கு இடம் கொடுங்கள். நடுவில் பூண்டு, பீன்ஸ், கேரட், பீட்ரூட், முள்ளங்கி, முட்டைக்கோஸ் எதுவும் போடலாம். எதிலும் இந்தப் புழு வளராது. கடுகை ஊடுபயிராகவோ, பூக்கிற பதத்தில் மடக்கி உழுகிற பசுந்தாளாகவோ வைப்பதும் உதவும். அதன் காரம் மண்ணில் ஆவியாகிப் புழுவைத் தாக்குகிறது.

சுழற்சி செய்தும் புழு குறையவில்லை என்று சொல்கிறவர்களின் கேரட் பாத்தியைப் போய்ப் பாருங்கள். நடுவில் தப்பிப்போன கிழங்கு முளைத்து நாலைந்து உருளைச் செடி நிற்கும். "கிடக்கட்டும், ரெண்டு கிழங்கு கிடைக்கும்" என்று விட்டிருப்பார்கள். புழுவுக்கு அது போதும். முளைக்க முளைக்கப் பிடுங்க வேண்டும்.

வேப்பம் புண்ணாக்கு, சூடோமோனாஸ், முட்டையைத் தின்கிற பர்ப்பூரியோசிலியம் பூஞ்சாணம் (பழைய பேர் பேசிலோமைசிஸ்) எல்லாம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை சுழற்சிக்குத் துணை, அதற்கு மாற்று இல்லை. செண்டுமல்லி வைத்தால் நூற்புழு போய்விடும் என்று நம் கூட்டங்களில் சொல்கிறோம். அது வேர்முடிச்சு நூற்புழுவுக்குச் சரி, இந்தக் கூடுகட்டும் புழுவுக்கு அதை நம்பி உட்காராதீர்கள். உருளையையே பொறிப்பயிராக நட்டு, பெண் புழு முற்றும் முன் ஐந்தாறு வாரத்தில் பிடுங்கிவிடலாம் என்று ஒரு வழி உண்டு. ஒரு வாரம் மழை விடாமல் பெய்து பிடுங்கத் தவறினால் கதை தலைகீழ். நம் மலையில் நான் அதைச் சொல்லமாட்டேன்.

பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கும். 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளை அடித்த பூச்சி. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் என்ற குட்டிக் குளவியைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, பெருக்கி விட்டார்கள். பூச்சி அடங்கியது. அந்நியப் பூச்சி என்றாலே அப்படி ஒரு குளவி எங்காவது இருக்கும் என்ற ஆசை அதிலிருந்து நமக்கு. இந்தப் புழுவுக்கு அப்படிப் பறந்து தேடிவரும் எதிரி கிடையாது. மண்ணுக்குள் கூடுகட்டி, இருபது வருஷம் தூங்கத் தெரிந்தவனை ஒரே அடியில் ஒழித்த நாடு உலகில் மிக அரிது.

தாண்டவிடாமல் பார்ப்பது

அதனால்தான் 1971-லிருந்து நீலகிரி விதைக்கிழங்கு மலையை விட்டு வெளியே போகத் தடை. மேட்டுப்பாளையம் மண்டிக்கு சமையலுக்குப் போகலாம், விதையாகப் போகக் கூடாது. தடை இருந்தும் புழு கொடைக்கானல் மலையிலும் பின்னால் தென்பட்டது. வடக்கே இமாசலம், உத்தரகாண்ட், காஷ்மீர் மலைகளில் விதைக்கிழங்கு விளைகிற இடங்களிலேயே கண்டுபிடிக்கப்பட்டு, 2018-ல் அங்கிருந்து விதை வெளியே போக மத்திய அரசு தடை போட்டது. நாட்டுக்கே விதை கொடுத்த மலைகள் அவை.

புழு தானாக அதிக தூரம் நகராது. நகர்த்துவது நாம். விதைக்கிழங்கில் ஒட்டிய மண், வாடகைக்கு வருகிற பவர் டில்லரின் கத்தி, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற கோணிப்பை, கேரட் அள்ள வருகிற ஆட்களின் பூட்ஸ், மேல் தட்டிலிருந்து கீழ் தட்டுக்கு வழிகிற மழைத்தண்ணீர். என் தோட்டத்துக்கு எப்படி வந்தது என்று யோசித்தால் எனக்கு வாடகை டில்லர் மேல்தான் சந்தேகம். இப்போது எந்த வண்டி வந்தாலும் வாசலில் நிறுத்திக் கத்தியைக் கழுவிய பிறகுதான் உள்ளே விடுகிறேன். ஆரம்பத்தில் ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள், இப்போது அவர்களே குழாயைத் தேடிப் போகிறார்கள். மேல் தட்டுக்காரரோடு பேசி வரப்பில் புல் வைத்ததும் ஒரு பாதுகாப்பு, மண்ணும் இறங்குவதில்லை, கூடும் இறங்குவதில்லை.

தம்பியின் தோட்டத்துக்கு வருகிறேன். அன்றைக்கே உட்கார்ந்த வட்டங்களில் இருந்த செடிகளை மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுத்தோம். எருக்குழியில் போடாமல் காயவைத்து எரித்தோம். உதிர்ந்தது உதிர்ந்ததுதான், ஆனாலும் நிறையக் கூடு பழுப்பாகும் முன் வெளியே வந்துவிட்டது. "அப்ப ஜீவாமிர்தம் மேல தப்பில்லையாண்ணா?" என்று இரண்டு தரம் கேட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கத் தோட்டத்துக்காரரிடமும் போய் ஒரு செடி தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டோம். உப்பு போட்ட செடி பச்சையாகத்தான் இருந்தது. வேரில் அதே மணி. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அறுவடை முடிந்து தம்பி வீட்டு அடுப்படியில் மூன்று பேரும் மண் கரைத்து எண்ணினோம். தம்பியின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு, கண் கூர்மை, எங்களுக்கு இரண்டு கூடு தெரிந்தால் அவளுக்கு நாலு தெரிந்தது. கோடு போட்ட நோட்டு ஒன்றில் தேதி, தட்டின் பேர், எண்ணிக்கை மூன்றையும் அவள்தான் எழுதினாள். கடைப்போகத்துக்கு அந்த வட்டங்களில் பூண்டு போட்டிருக்கிறார். நாலு கல்லும் நட்டாகிவிட்டது. ஒரு பாத்தியை ஒன்றும் போடாமல் சும்மா விட்டிருக்கிறார், அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அம்மா திட்டுகிறாராம்.